நாலிரண்டு எட்டு

அகலம் பதினான்கு புள்ளி மூன்று ஐந்து மீட்டர்.
இரும்பு நாடாவின் அந்த முனை
எதிர்க்கரையில், ஜிபார்குல் கையில்.
இந்த முனை என்னிடம்.
நாடா சென்டிமீட்டர் வரை நாணயமானது.

வேகத்துக்கு ஆப்பிள்.
பத்து மீட்டர் அளந்து, மேலிருந்து போட்டோம்.
பன்னிரண்டு புள்ளி நான்கு நொடி.
மூன்று முறையும் அதே.
மூன்றாவது ஆப்பிளைக்
கீழே காத்திருந்த கன்றுக்குட்டி தின்றது.

ஆழம்தான்.
கோலில் இருந்த வர்ணத்தையெல்லாம்
போன வருஷத்துப் பனியுருகல்
உரித்துக்கொண்டு போயிருந்தது.
பத்து சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டு மட்டும் மிச்சம்.
ஆறாவது வெட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர்.
பக்கத்தில் என்றால்?
எழுதினேன்: பூச்சியம் புள்ளி ஆறு.

பெருக்கினேன், வகுத்தேன்.
6.943548387 என்று
கைபேசியில் வரிசை கட்டி நின்றன இலக்கங்கள்,
பத்திரிகை வைக்காமலே
பந்தியில் உட்கார்ந்துவிட்டவர்களைப் போல.
மந்தை எத்தனை பெரிதானாலும்
நொண்டி ஆட்டின் நடையில்தான் பட்டிக்கு வரும்.
நான் ஏழு என்று எழுதினேன்.
நொடிக்கு ஏழு கன மீட்டர்.

சுயுன்பெக் வந்தார்.
தலையில் வெள்ளைக் கம்பளித் தொப்பி,
இடுப்பில் நாலு மதகுகளின் சாவி.
அக்தெரே ஆற்றில் யாருக்கு எவ்வளவு என்பது
ஜூனிலிருந்து செப்டம்பர் வரை
அவர் வாயில்தான் இருக்கிறது.
"நாலு வாய்க்கால். பங்கு சொல்."

நாலு, அளந்த எண் அல்ல; எண்ணிய எண்.
அதில் பிசகில்லை,
பின்னால் எத்தனை பூச்சியம் போட்டாலும் பொறுக்கும்.
குறை என் கோலில்தான்.
ஒன்று புள்ளி ஏழு மூன்று ஐந்து...
ஒரே இலக்கம்தான் எனக்கு உரிமை.
"வாய்க்காலுக்கு இரண்டு" என்றேன்.

விரல் மடக்கினார்.
"நாலிரண்டு எட்டு. ஆற்றில் ஏழு.
மிச்சத்தை உன் குடுவையிலிருந்து ஊற்றுவாயா?"

மதகடியில் நின்றவர்கள் சிரித்தார்கள்.
கணக்கில் தப்பில்லை என்றேன்.
தப்பில்லைதான்.
"மதகில் கணக்கு ஓடாது, பெண்ணே.
இல்லாத அந்த ஒரு மீட்டர்
எப்போதும் கடைசி வாய்க்காலில்தான் இல்லாமல்போகும்."

கடைசி வாய்க்கால் ஜிபார்குல் ஊருக்கு.
அவள் ஒன்றும் சொல்லவில்லை,
நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

கைபேசி சொன்னதை அப்படியே வாசித்திருக்கலாம்.
தசமப் புள்ளிக்குப் பின்னால் ஆறு எண் வந்தால்
கேட்பவர் வாய் தானே மூடிக்கொள்ளும்.
நாலு பங்கும் கூட்டினால் கச்சிதமாக வந்திருக்கும்.
ஆனால் கோல் பார்க்காததைப்
பார்த்ததாகச் சாட்சி சொல்ல வேண்டும்.

பூட்ஸைக் கழற்றினேன்.
பள்ளிக்கூட இரும்பு அளவுகோல் ஒன்றை வாங்கி
ஜிபார்குலின் தலைத்துணியால் கோலில் கட்டினேன்.
பதினோரு இடம், கரையிலிருந்து கரைக்கு.
பனியாறு காலைக் கடிக்கும் என்பார்கள்;
கடித்தால் தேவலை,
அது காலை வாங்கி வைத்துக்கொள்கிறது.

சராசரி பூச்சியம் புள்ளி ஐந்து ஏழு.
ஓர் இலக்கம் கூடுதல்.
விலை: தொடை வரை உணர்ச்சி,
ஆற்றோடு போன ஒரு காலுறை.

ஆறு புள்ளி ஆறு.
பங்குக்கு ஒன்று புள்ளி ஆறு.
அவர் மறுபடி விரல் மடக்கினார், இம்முறை மெதுவாக.
"ஆறு புள்ளி நான்குதான் வருகிறது. இரண்டு குறைகிறதே?"
"பத்தில் இரண்டு."
"அது யாருக்கு?"
"அவ்வளவு என் கோலுக்குத் தெரியாது."

தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார்.
"தெரியாததைப் பங்கு வைக்க முடியாது.
ஆற்றிலேயே கிடக்கட்டும்"
என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

முதல் மதகு திறந்தபோது மணி நாலு.
மேலே மலையில் வெயில் பட்டிருக்க வேண்டும்,
தண்ணீர் ஆறாவது வெட்டைத் தாண்டியிருந்தது.
காலில் பாதி ஏறியிருந்த பூட்ஸை
மறுபடி இழுத்தேன்.
எதிர்க்கரைக்கு நடந்துகொண்டிருந்தாள் ஜிபார்குல்,
நாடாவின் முனையோடு.